அரைப் பேர்

பெட்ரோல் இல்லாத வருஷம்
நோர்வூட் கடைகளில் சைக்கிள் விலை
எங்களை முந்தி மலையேறியது.
எனக்குக் கிடைத்தது
ஏற்கெனவே இரண்டு பேர் ஓட்டி
ஒருவர் பாலத்தடியில் விழுந்தெழுந்த லுமாலா.
தோடு இரண்டையும் கொடுத்தேன்.
காதில் ஈர்க்குக் குச்சி.

லயமே சிரித்தது.
"ஓட்டப் போறியா, மேய்க்கப் போறியா?"
அதில் தப்பில்லை.
வளைவுக்கு வளைவு இறங்கி
கொம்பைப் பிடித்து, அடம்பிடிக்கும் கிடாயைப் போல
இழுத்துக்கொண்டுதான் போனேன் முதல் வாரம்.
மூச்சு வாங்க நிற்கும் இடமெல்லாம்
தெரிந்த மலைதான், நான் கொழுந்தெடுத்த மலைதான்,
ஆனால் நின்று பார்த்ததில்லை.

பதினெட்டுக் கிலோ வந்தால் பேர்.
குறைந்தால் அரைப் பேர்.
படங்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ
தராசு வாய் திறக்குமுன்
கணக்கப்பிள்ளை கழித்துவிடுவார்.
மழைக்காலத்தில் நான்
மாதக்கணக்கில் அரை ஆளாக இருந்திருக்கிறேன்.
செக்ரோலில் 'ரெஜி' என்று இருக்கும்.
பேரிலும் பாதி.

நாலரைக்கு நிறுவை முடியும்.
பள்ளத்துக்கு அந்தப்பக்கம் பியதிலக்கவின் தோட்டம்,
ஒரு ஏக்கர் சொச்சம்.
கிலோவுக்கு நாற்பது, கையில் காசு.
அவரும் படங்குக்குக் கழிப்பார், ஆனால் அரைக் கிலோ.
நடந்தால் போய்ச் சேர இருட்டிவிடும்.
சைக்கிளில் இருபத்திரண்டு நிமிஷம்,
பெரும்பாலும் இறக்கம்.
கொழுந்துக் கூடை இல்லாத முதுகில்
காற்று எப்படி இருக்கும் என்று
அதுவரை எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் கேட்டில் வாச்சர் ஜோதிபாலன் மறித்தான்.
"கம்பெனி ரோட்ல சைக்கிள் போகக் கூடாது."
எங்கே எழுதியிருக்கிறது என்றேன்.
தலையைச் சொறிந்தான்.
துரையின் ஜீப்
பங்களா வாசலில் தார்ப்பாய் போர்த்தி நின்றது.
ரோடு காலியாகக் கிடந்தது.
அவனும் நானும் கொஞ்ச நேரம்
அந்தக் காலி ரோட்டையே பார்த்தோம்.
பிறகு அவன் பீடி பற்றவைக்கத் திரும்பினான்,
வேண்டுமென்றே, நெடுநேரம்.

டவுன் முனையில் பொலிஸ்.
"நங்கீ, லயிட் எக்க கோ?"
விளக்கு இல்லை. டைனமோ இருந்த இடத்தில்
கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.
சீட்டை எடுத்தார். முழுப் பேர் கேட்டார்.

சவரிமுத்து ரெஜினா ஃபுளோரன்ஸ்.

எழுத்து எழுத்தாகச் சொல்லி
எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.
ஞானஸ்நானத்துக்குப் பிறகு
அந்தப் பேரை யாரும் முழுசாக எழுதியது அன்றைக்குத்தான்.

முகவரி?
மேல் டிவிஷன், ஏழாம் லயம், நாலாம் காம்பரா.
"அது முகவரி இல்ல. வீட்டு நம்பர், ரோட்டுப் பேர்."
ரோட்டுக்குப் பேர் இல்லை, சேர்.
பேனா நின்றது.
கடைசியில் தோட்டத்தின் பேரையே எழுதினார்,
துரைக்கு எழுதுவது போல.

அபராதம் இரண்டு பேருக்கு மேல்.
அதாவது, இரண்டு நாளுக்கு மேல்.
இருட்டுவதற்குள் வீடு திரும்ப வாங்கிய வண்டிக்கு
இருட்டியதற்காகக் கட்டினேன்.
டோர்ச் ஒன்றை ரப்பர் பட்டியால் கட்டினேன் அடுத்து.
ஆடும். குழியில் விழுந்தால் அணையும்.
தட்டினால் எரியும்.

இந்த மாதம் பிரட்டுக்களத்துச் சுவரில்
நாலு சைக்கிள் சாய்ந்திருக்கிறது.
ஒன்று மாரியாயியுடையது, பிரேக் கிடையாது,
செருப்பால் நிறுத்துகிறாள்.
ஒன்று இரட்டைப்பிள்ளைக்காரி கனகமணி
தவணைக்கு வாங்கியது.
நாலாவது யாருடையது என்று
கணக்கப்பிள்ளை இரண்டு தரம் கேட்டார்.
யாரும் சொல்லவில்லை.

மழைக்கு அரைப் பேர் போடுவதை
இப்போது கொஞ்சம் யோசித்துத்தான் போடுகிறார்.
காலையில் வந்ததும்
முதலில் எண்ணுவது எங்களையல்ல,
சுவரை.